கோழியின் தீன்பையைக் காலையில் ஏன் தொட்டுப் பார்க்க வேண்டும்?

தீன்பை என்பது கோழியின் கழுத்தடியில், சற்று வலப்பக்கமாக இருக்கும் பை. தேக்கா சந்தையில் வாங்கிய காய்கறி சமையலுக்குப் போகுமுன் கூடையில் கிடப்பதுபோல, கொத்தித் தின்றது முதலில் அங்கேதான் தங்கும். இரவில் காலியாகிவிடும். காலையில் தீனி வைக்குமுன் தட்டையாக இருந்தால் சரி. கல்லாகவோ தளும்பலாகவோ இருந்தால் இரை இறங்கவில்லை. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணால் பார்த்தால் போதாதா? போதாது. பலவீனம் தெரிந்தால் பிற விலங்குக்கு இரையாகிவிடும் என்பதால் கோழி நோயை மறைக்கும். அதனால் நம் கைக்கு அது பழகியிருக்க வேண்டும். துரத்தாதீர்கள், மேலிருந்து வரும் கையைப் பருந்தென்றே மிரளும். தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தானியம் வைத்துக் காத்திருங்கள்.

சிங்கப்பூர் மதியப் புழுக்கத்தில் கோழி வாய் பிளந்து மூச்சு வாங்கினாலே சளி என்று பலர் பயப்படுகிறார்கள். அதற்கு வியர்க்காது, சூட்டைத் தணிப்பதே அப்படித்தான், நிழலும் தண்ணீரும் கொடுத்தும் அடங்காவிட்டால்தான் கவனிக்க வேண்டும்.