நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய பிறகும் ஆறு ஏன் செம்மஞ்சளாக ஓடுகிறது?

இதைச் சுரங்க அமிலக் கசிவு என்பார்கள். கைவிட்ட சுரங்கத்திலிருந்து அமிலமும் இரும்பும் கலந்த நீர் ஆற்றுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

நிலக்கரியோடு பைரைட் என்ற கனிமமும் கிடக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. புதைந்து கிடக்கும்வரை சும்மா இருக்கும். தோண்டியதும் காற்றும் தண்ணீரும் படுகின்றன. கந்தகம் சல்பூரிக் அமிலமாகிறது, இரும்பு நீரில் கரைகிறது. அந்த நீர் வெளியே வந்து காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகப் படிகிறது. திருகோணமலையில் குழாய்க்கிணறு வைத்திருப்பவர்கள் சிலருக்கு இது பழகிய காட்சிதான்: இறைக்கும்போது தெளிவாக இருக்கும் தண்ணீரை வெள்ளை வாளியில் கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் மஞ்சள் படியும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லாக்கவானா ஆற்றைப் பாருங்கள். சுரங்கங்களில் நீர் இறைப்பது நின்றதும் உள்ளே நிரம்பிய நீர் வீடுகளின் நிலவறைக்குள் ஏறியது. அதை வடியவிட 1962இல் ஓல்ட் ஃபோர்ஜ் என்ற ஊரில் துளை போட்டார்கள். வீடுகள் தப்பின, ஆறு மாட்டிக்கொண்டது. துருநீர் இன்னும் கொட்டுகிறது.

அப்புறம், மாரி மழைக்கு மூதூர்ப் பக்கம் மகாவலி பழுப்பாக ஓடுவதை இதோடு குழப்ப வேண்டாம். அது வண்டல், இலங்கையில் நிலக்கரிச் சுரங்கமே இல்லை.