பதினைந்து சேனலுக்கு எத்தனை முதலாளி?

கேள்வி: எங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸில் தமிழ்ச் செய்திச் சேனல்கள் மட்டும் பதினைந்துக்கு மேல் வருகின்றன. அப்படியிருக்க, ‘ஊடகங்கள் சிலர் கையில் சிக்கிக் கிடக்கின்றன’ என்று நீங்கள் அடிக்கடி எழுதுவது மிகையில்லையா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மிகையில்லை. நீங்கள் எண்ணியது சேனல்களை. முதலாளிகளை எண்ணிப் பாருங்கள், கணக்கு சட்டென்று சுருங்கிவிடும்.

நாளிதழில் தொடங்குங்கள். பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் உரிமையாளர் விவரத்தையும், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்போர் பெயர்களையும் ‘படிவம் 4’ என்று அச்சிடும் நடைமுறை 1956 விதிகளோடு வந்தது. பழைய மார்ச் இதழ்களின் உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். ஆள் பெயருக்குப் பதில் அங்கே இன்னொரு கம்பெனியின் பெயர் இருந்தால் நின்றுவிடாதீர்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனியின் ஆண்டு விவரப் படிவமான எம்ஜிடி-7-ஐப் பார்க்கலாம். பங்குதாரர் பட்டியல் அதோடு இருக்கும். சேனல் நடத்தும் கம்பெனிக்கும் இதே வழிதான். அங்கும் கம்பெனி பெயரே வந்தால் இன்னொரு 100 ரூபாய். சில இடங்களில் மூன்று நான்கு அடுக்கு இறங்க வேண்டியிருக்கும். பினாமி என்றால் அதிலும் தெரியாது.

பெயர்கள் கிடைத்ததும், ஒவ்வொரு முதலாளியின் சந்தைப் பங்கையும் அதே எண்ணால் பெருக்கி, வருவதையெல்லாம் கூட்டுங்கள். பத்து சேனல், பத்து முதலாளி, ஆளுக்கு 10 சதவீதப் பார்வையாளர் என்றால் கூட்டுத்தொகை 1,000. அதே பத்து சேனல் நான்கு பேர் கையில் 40, 30, 20, 10 என்று இருந்தால் 1,600, 900, 400, 100, மொத்தம் 3,000. சேனல் ஒன்றுகூடக் குறையவில்லை, கவனியுங்கள். ஹெர்ஃபிண்டால் குறியீடு எனப்படும் இந்த அளவுகோலைத்தான் 2014 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் ஊடக உரிமைப் பரிந்துரையில் எடுத்துக்கொண்டது. 1,800-ஐத் தாண்டினால் சந்தை சிலர் பிடியில் என்று பொருள். அரசியல் கட்சிகளை இந்தத் தொழிலில் அனுமதிக்கக் கூடாது என்றும் டிராய் சொன்னது. இன்றுவரை அது சட்டமாகவில்லை.

சேனல் தொடங்கினால் மட்டும் போதுமா? கேபிள் நிறுவனம் அதை எந்த எண்ணில் வைக்கிறது என்பதே பாதி விதியைத் தீர்மானிக்கிறது. விநியோகமும் சேனலும் ஒரே கையில் இருந்தால், போட்டிச் சேனல் ரிமோட்டில் யாரும் அழுத்தாத எண்ணுக்குப் போய்விடும்.

உங்கள் பகுதிக்கே வருகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் கடலோரத்தில் அமோனியா கசிந்தது. முதல் நாள் எல்லா கேமராவும் வந்துவிடும். எண்ணெய் படிந்த வலைக்கும் படகுக்கும் இழப்பீடு யாருக்குக் கிடைத்தது, நண்டும் இறாலும் திரும்பினவா என்று ஆறு மாதம் கழித்துக் கேட்க வேண்டுமே, அங்கேதான் முதலாளிகளின் எண்ணிக்கை முக்கியம். நாளிதழ், டிவி, இணையதளம் மூன்றும் ஒருவருடையது என்றால் மூன்றுக்கும் ஒரே செய்தியாளரை அனுப்பிச் சிக்கனம் பிடிப்பார்கள். அவரை அனுப்பாத நாளில் மூன்றிலும் செய்தி இல்லை. ஆலை தரும் விளம்பரமும் மூன்றுக்கும் சேர்த்தே பேசப்படுகிறது. ஒரு தொலைபேசி அழைப்பில் மூன்று வாயும் அடைபடும். ஆறு முதலாளிகள் இருந்தால் ஆறு பேரையும் சரிக்கட்ட வேண்டும். அது அத்தனை எளிதில்லை.

‘நாங்களே சமுதாய வானொலி தொடங்கலாமே’ என்பீர்கள். 2006 முதல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி உண்டு. காசிமேட்டுக்கு அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசையும்கூட. ஆனால் அதில் வானிலை சொல்லலாம், கடல் சீற்றம் சொல்லலாம், ஆகாசவாணியின் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பலாம். கழிமுகத்தில் எண்ணெய் மிதக்கிறது என்று சொந்தமாகச் செய்தி வாசிக்க விதி இடம் தரவில்லை. அந்தத் தடையை நீக்கச் சொல்லித் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் உங்கள் எம்.பி.க்கும் எழுதுங்கள்.