ஹாரி டிரெஸ்டன் அளவுக்கு மீறிய பலசாலி ஆகிவிட்டானா?

ஜிம் புட்சர் எழுதும் மந்திர நாவல் தொடரின் நாயகன் அவன். பலம் கூடிவிட்டது உண்மை. அதனால்தான் கதை கெட்டது என்று சில வாசகர்கள் சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன். அந்தத் தொடரில் ‘பேட்டில் கிரவுண்ட்’ நாவல் வரை படிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். முடிச்சுகளை அவிழ்த்துத்தான் எழுதப்போகிறேன்.

ஜிம் புட்சர் 2000-இல் ‘டிரெஸ்டன் ஃபைல்ஸ்’ தொடரைத் தொடங்கியபோது, சிகாகோ தொலைபேசிப் புத்தகத்தில் மந்திரவாதி என்று விளம்பரம் கொடுத்துவிட்டு, துப்பறியும் வேலைக்காகக் காத்திருக்கும் ஆள் ஹாரி. வாடகை பாக்கி. அவன் பக்கத்தில் நின்றாலே சாதனங்கள் பழுதாகும் என்பதால் வீட்டில் வெந்நீருக்கு வழியில்லை. (ஏற்காட்டில் மார்கழிக் காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தவர்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்கத் தேவையில்லை.)

2010-இல் வந்த ‘சேஞ்சஸ்’ நாவலில் மகளை மீட்பதற்காகக் தேவதை உலகின் குளிர்கால அரசி மாபிடம் தன்னையே ஒப்படைத்து, அவளுடைய வீரனாகிறான். குறை சொல்பவர்கள் காட்டும் இடம் இதுதான். ஆனால் அந்தப் பதவியோடு வரும் வரம் என்ன செய்கிறது? ‘ஸ்கின் கேம்’ நாவலில் நண்பன் பட்டர்ஸ் சொல்வதைப் பாருங்கள்: உடம்புக்குப் புதிய வலு எதுவும் வரவில்லை, வலி தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். எலும்பு முறிந்தால் முறிந்ததுதான். இரும்பு தைத்தால் அந்த மறைப்பும் விலகிவிடும்.

சேலம் பக்கத்துக் கிராமங்களில் ‘கர்ண மோட்சம்’ கூத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு பழகியது. கர்ணனின் வில்லுக்கு எதிரே நிற்க ஆளில்லை என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் போருக்குப் புறப்படும் அவனை, பிறப்பைச் சொல்லிச் சொல்லியே மடக்குகிறாள் அவன் மனைவி பொன்னுருவி. அந்தத் தர்க்கம் எவ்வளவு நீண்டாலும் யாரும் எழுந்து போவதில்லை. அங்கே அவனுடைய அம்பு எதற்கும் உதவாது. பலசாலியை அவன் பலம் செல்லாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் கதை சொல்பவரின் சாமர்த்தியம்.

புட்சருக்கும் இது கைவராமல் இல்லை. 2020-இல் வந்த ‘பேட்டில் கிரவுண்ட்’ நாவலில் எத்னியு என்னும் டைட்டனையே (ஆதிகாலப் பெருந்தெய்வம்) ஹாரி சிறைப்படுத்துகிறான். ஆனால் அவன் காதலி மர்ஃபி சாவது ஒரு பதற்றக்காரப் போலீஸ்காரனின் துப்பாக்கிக் குண்டால். அவனைக் கொல்லத் துரத்தும் ஹாரியை நண்பர்களே மறிக்க வேண்டியிருக்கிறது. தொடரில் நான் ஹாரியைக் கண்டு பயந்த பக்கங்கள் அவை. டைட்டன் சண்டையில் எனக்கு ஒரு பயமும் வரவில்லை.

எனக்கு உண்மையான மனக்குறை வேறு. ஹாரியின் பழைய நிலவறை வீடு எரிந்துபோன அதே மனையில் எழுந்த கோட்டை இப்போது அவன் கையில். பகைவர்களும் அந்த அளவுக்கு ஊதிப்போனார்கள். தொலைந்த பொருளைத் தேடித்தரச் சொல்லி இனி யார் வந்து கதவைத் தட்டுவார்கள்? நகரமே பற்றி எரியும்போது துப்பறிய என்ன இருக்கிறது? ‘பேட்டில் கிரவுண்ட்’ நாவலில் பாதிக்குமேல் எனக்கு வெறும் இடிபாடாகத்தான் தெரிந்தது.

உங்களுக்கும் அதே சலிப்பு என்றால் ‘பிரீஃப் கேசஸ்’ சிறுகதைத் தொகுப்பை எடுங்கள். அதில் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கும் தன் மகனைக் கவனிக்கச் சொல்லி ஒரு பிக்ஃபுட் (உடலெல்லாம் ரோமம் அடர்ந்த காட்டு மனிதன்) ஹாரியை வேலைக்கு அமர்த்துகிறது.