ஒரே கீ, இரண்டு எஜமான்: வாசகர் கேள்வி-பதில்

கே: லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், அதில் புரோகிராம் எழுத இன்டெல்லிஜே பயன்படுத்துகிறேன். புரோகிராம் வரிகளை ஒழுங்குபடுத்த கண்ட்ரோல்+ஆல்ட்+எல் அழுத்தினால் திரை பூட்டிக்கொள்கிறது. (மாணவர், அம்மாப்பேட்டை)

ப: எந்தக் கீயும் முதலில் டெஸ்க்டாப்பின் கைக்குத்தான் போகும். அது விட்டுக்கொடுத்ததுதான் அப்ளிகேஷனுக்கு. செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் அப்ளிகேஷன் ஷார்ட்கட்ஸ் போய், திரையைப் பூட்டும் எக்ஸ்ஃப்ளாக்4 என்ற வரிக்கு சூப்பர்+எல் கொடுங்கள் (சூப்பர் என்பது விண்டோஸ் சின்னம் போட்ட கீ). இன்டெல்லிஜேயில் கை வைக்காதீர்கள். நாளை வேலைக்குப் போகும் இடத்திலும் அதில் அதே கண்ட்ரோல்+ஆல்ட்+எல்தான் இருக்கும். பழகிய விரலை ஏன் குழப்ப வேண்டும்? மாற்றும் முன் பழைய கீயைத் தாளில் எழுதி வையுங்கள்.

கே: ஷார்ட்கட் எதுவும் வேலை செய்யவில்லை. உடனே பதில் தேவை. (ஏற்காடு)

ப: எந்த டெஸ்க்டாப், எந்த அப்ளிகேஷன், எந்தக் கீ? இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. எழுதி மறுபடி அனுப்புங்கள். அதுவரை, புதிதாக ஒரு யூசர் கணக்கு திறந்து அதில் அழுத்திப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் கோளாறு உங்கள் செட்டிங்ஸில்.

கே: ஜவ்வரிசி மண்டிக் கணக்கு பார்க்கிறேன். உபுண்டு லினக்ஸில், விண்டோஸ் அப்ளிகேஷன்களை ஓட்டும் வைன் வழியாக டேலி. பீரியட் மாற்ற ஆல்ட்+எஃப்2 அழுத்தினால் கினோம் டெஸ்க்டாப்பின் கட்டளைப் பெட்டி வந்து நிற்கிறது. (செவ்வாய்பேட்டை)

ப: செட்டிங்ஸில் கீபோர்டு ஷார்ட்கட் பட்டியலைத் திறந்து, கட்டளைப் பெட்டிக்கான வரியைத் தட்டி, பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். கினோம் அந்தக் கீயை விட்டுவிடும். மறக்காமல் பழைய கீயை எழுதி வையுங்கள்.

கே: லினக்ஸ் மின்டில் டிடிபி வேலை. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி அழுத்தினால் ஒட்டும் பெட்டி வராமல் கீபோர்டு தமிழுக்கு மாறிவிடுகிறது. (ஐந்து ரோடு)

ப: எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதுதான். மெஷின் போட்டுக் கொடுப்பவர் தமிழ்-ஆங்கில மாற்றத்துக்கு கண்ட்ரோல்+ஷிஃப்ட்டையோ ஆல்ட்+ஷிஃப்ட்டையோ வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் மூன்று கீ சேர்ந்த ஷார்ட்கட் ஒன்றை அழுத்தும்போது, மூன்றாவது விரல் இறங்குவதற்குள் முதல் இரண்டையும் பார்த்து கீபோர்டு மாறிவிடும். கட்டளை தட்டும் டெர்மினலில் ஒட்டுவதும் போச்சு. பழி, பாவம், தட்டச்சு செய்யும் பெண் மேல் விழுகிறது: "உனக்கு டைப் பண்ணவே தெரியலை." அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தமிழ்99 கீபோர்டு அமைப்பு 1999-இல் தரப்படுத்தப்பட்டது. இத்தனை வருஷம் கழித்தும் மொழி மாற்றும் கீயை யோசிக்காமல் வைப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

செட்டிங்ஸில் கீபோர்டு, லேஅவுட்ஸ், ஆப்ஷன்ஸ் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டு கேப்ஸ் லாக்கை வையுங்கள். மொழி மாற்ற ஐபஸ் என்ற மென்பொருள் இருந்தால் அதன் வழக்கமான சூப்பர்+ஸ்பேஸே போதும். கண்ட்ரோல்+ஸ்பேஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அதே வேலை செய்யும் எஃப்சிஐடிஎக்ஸ் அதைத்தான் தானாக வைக்கும், ஆனால் லிப்ரே ஆபீஸின் கணக்குத்தாளான கால்கில் முழு நெடுவரிசையைத் தேர்வு செய்வதும் அதே கீ. கோடு எடிட்டர்களில் சொல் நிரப்புவதும் அதே கீ. அப்புறம், பழைய கீயை எழுதி வையுங்கள்.

கே: படம் வரையும் இங்க்ஸ்கேப்பில் அடியில் இருக்கும் உருவைப் பிடிக்க ஆல்ட்+கிளிக் செய்தால் ஜன்னலே நகர்கிறது. சினமன் டெஸ்க்டாப். (ஆத்தூர்)

ப: சினமன் செட்டிங்ஸில் 'விண்டோஸ்' (ஜன்னல்கள்) என்ற இடம், அதில் பிஹேவியர் பகுதி. ஜன்னல் நகர்த்தும் கீயை ஆல்ட்டிலிருந்து சூப்பருக்கு மாற்றுங்கள்.

கே: பழைய விண்டோஸ் மெஷினில் ஏதோ அழுத்தினேன், திரை தலைகீழாகிவிட்டது. (கொண்டலாம்பட்டி)

ப: கண்ட்ரோல்+ஆல்ட்+மேல் அம்பு. நேரானதும் இன்டெல் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் ஹாட்கீயை அணைத்துவிடுங்கள்.