வாசகர் கேள்வி: தோட்டத்துக் காத்தாலை ஏன் சுத்த மாட்டேங்குது?

கேள்வி: வணக்கங்க. வீட்டு முன்னாடி தோட்டத்துல அழகுக்கு ஒரு காத்தாலை வெக்கலாம்னு ஆசாரிகிட்ட சொல்லி, பிளைவுட்ல ஹாலந்து மாடல்ல நாலு ரெக்கை வெச்சு அஞ்சடி உயரத்துக்கு செஞ்சோமுங்க. பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா சாதாரண காத்துக்கு அசையவே மாட்டேங்குது, ஆடி மாசக் காத்துல மட்டும் கடகடன்னு ஆடி ஒரு ரெக்கையே கழண்டு விழுந்துருச்சு. புதுசா எப்படி செஞ்சா சுத்தும்?
- ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: உங்க ஊர்ல காத்துக்கா பஞ்சம்? பாலக்காட்டுக் கணவாய் வழியா மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் அடிக்கிற காத்தை நம்பித்தானே சுத்துவட்டாரம் முழுக்க பெரிய பெரிய காத்தாலையா நட்டு வெச்சிருக்காங்க. அங்கயே சுத்தலைன்னா குறை காத்துல இல்லீங்க, நடுத்தண்டுலதான். எல்லாரும் ரெக்கைக்கும் பெயின்ட்டுக்கும் செலவு பண்ணிட்டு, தண்டுக்கு மட்டும் மரத்துல ஓட்டை போட்டு ஒரு போல்ட்டை சொருகி விட்டுடறாங்க. ஒரு மழை நனைஞ்சா மரம் ஊதி போல்ட்டைப் புடிச்சுக்கும், அப்புறம் எங்க சுத்தறது?

அதனால முதல்ல பழைய சைக்கிளோட முன் வீல் ஹப் (வீலோட நடுவுல அச்சும் குண்டும் இருக்கிற உருளை) ஒன்னு வாங்குங்க, பழைய இரும்புக் கடையில கிடைக்கும். மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டு உள்ள இருக்கிற பழைய கிரீஸை எல்லாம் கழுவிட்டு, கெட்டி கிரீஸ் வெக்காம தையல் மெஷின் ஆயில் மாதிரி லேசானதா விடுங்க, ஏன்னா சின்ன ரெக்கையை கெட்டி கிரீஸே இழுத்துப் புடிச்சு நிறுத்திடும். அச்சுல குண்டை அழுத்திப் புடிக்கிற கோன் நட்டை முழுசா முடுக்காதீங்க, விரலால தட்டினா தானா சுத்தணும், ஆனா ஆட்டிப் பாத்தா லொடலொடன்னு இருக்கக் கூடாது, அந்த இடத்துல நிறுத்தி லாக் நட்டைப் போட்டுடுங்க. அச்சோட ஒரு முனையை எல் ஆங்கிள்ல இறுக்கிட்டா ஹப் மட்டும் தனியா சுத்தும்.

ரெக்கைக்கு நாலு இன்ச் பிவிசி பைப்பு போதும். ஒரு அடி நீளத்துக்கு வெட்டி நெடுக்குவாட்டுல நாலா பிளந்தா வளைவு தானா வந்துடும். நாலு ரெக்கையோட நிறுத்தாம எட்டு போடுங்க. பழைய அமெரிக்கப் பண்ணைகள்ல கிணத்துத் தண்ணி இறைச்ச காத்தாலைக்கு அத்தனை ரெக்கை இருந்தது வேடிக்கைக்கு இல்ல, நிறைய ரெக்கை இருந்தா லேசான காத்துக்கே கிளம்பிடும். எல்லா வளைவும் ஒரே பக்கம் பாக்கணும், காத்து வர்ற திசைக்கு குறுக்கா தட்டையா நிக்காம ஒரு முப்பது டிகிரி திருப்பி வெக்கணும். உங்க பழைய ரெக்கை தட்டையா இருந்திருந்தா அதுவும் ஒரு காரணம்தான். பிவிசி வெயில்ல காஞ்சு நொறுங்கும், கண்டிப்பா பெயின்ட் அடிங்க. தகரத்துலதான் செய்வேன்னா சரி, ஆனா புது ஜிஐ தகரத்துல எனாமல் நேரா அடிச்சா உரிஞ்சு வந்துடும், அதுக்குன்னு எட்ச் பிரைமர் இருக்கு, அதை ஒரு கோட் அடிச்சுட்டு அடிங்க, ஓரத்தையும் மடிச்சு விடுங்க, கைய கிழிச்சுடும்.

போஸ்ட்ல ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, இதைத்தான் யாரும் செய்யறதில்ல. காத்து இல்லாத ரூம்ல ஹப்பைப் புடிச்சு மெதுவா சுத்தி விட்டு தானா நிக்க விடுங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே ரெக்கை கீழ வந்து நின்னா அந்தப் பக்கம் கனம். எதிர் ரெக்கையில ஒரு வாஷரைப் போட்டு மறுபடி சுத்திப் பாருங்க, நிக்கிற இடம் மாறி மாறி வர்ற வரைக்கும் விடாதீங்க. ஆடியில கடகடன்னு ஆடுச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது பெரும்பாலும் இந்தக் கனக்கோளாறுதான். நட்டெல்லாம் நைலாக் நட்டா (உள்ள நைலான் வளையம் இருக்கிறது) போடுங்க, சாதா நட்டு அதிர்வுலயே கழண்டு வந்துடும்.

ஹாலந்துல கிண்டர்டைக்ல இருக்கிற பழைய மில்லுங்கள்ல காத்து மாறினா மில்லுக்காரரே மேல் தலையைத் திருப்பி வெப்பாரு. நாம அப்படி நிக்க முடியாதில்லையா, அதனால தலை தானா காத்துப் பக்கம் திரும்பறதுக்குப் பின்னாடி ஒரு வால் தகடு வேணும். ஆடியில மேக்கால இருந்து வர்ற காத்து ஐப்பசியில வடகிழக்கால இருந்து வரும். தலை திரும்பறதுக்கும் சைக்கிள்லயே வழி இருக்கு, ஹேண்டில் திரும்புற இடத்துல கப்பும் குண்டும் இருக்கு பாருங்க, அந்த ஹெட் பைப்பை வெட்டி போஸ்ட் மேல வெல்டிங் வெச்சுடலாம். போஸ்ட்டுக்கு ஜிஐ பைப்பு, ஒன்றரை அடி குழியில கான்கிரீட். உயரம் ஏழடியாவது வைங்க, குழந்தைங்க கைக்கு எட்டக் கூடாது. காம்பவுண்டு சுவரை ஒட்டி வெக்காதீங்க, சுவர் மேல ஏறி இறங்குற காத்து சுழலும், ரெக்கை திணறும்.

காத்து வேகம் ரெண்டு மடங்கானா ரெக்கையைத் தள்ளுற விசை நாலு மடங்காகும். அதனால ஆடி பொறந்ததும் பலமா அடிக்கிற நாள்ல ஒரு ரெக்கையை போஸ்ட்டோட சேத்து கயிறு போட்டுக் கட்டிடுங்க.

கேள்வி: இதே மாதிரி ரெண்டடி அகலத்துல செஞ்சு மொட்டை மாடியில வெச்சா ஒரு பல்பாவது எரியுமா சார்?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: கணக்கைப் பாருங்க. ரெண்டடி வட்டத்துக்குள்ள வினாடிக்கு 3 மீட்டர் வேகத்துல வர்ற காத்துல மொத்தமா இருக்கிற சக்தியே சுமார் 4.5 வாட். அதுல 59.3 சதவீதத்துக்கு மேல எந்தக் காத்தாலையாலயும் எடுக்க முடியாதுன்னு ஜெர்மன் விஞ்ஞானி ஆல்பர்ட் பெட்ஸ் 1919-லயே கணக்கு போட்டுட்டாரு, வீட்டுல செய்யறது பத்து பதினஞ்சு சதவீதம் எடுத்தாலே பெருசு. ஆக அரை வாட், ஒரு குட்டி எல்ஈடி மினுக்கும். காத்து வேகம் இரட்டிச்சா சக்தி எட்டு மடங்காகும்தான், ஆனா தினமும் அப்படி அடிக்காது. அதோட மோட்டாரைக் கோத்தா ரெக்கைக்கு பாரம் ஏறி லேசான காத்துல சுத்தறதும் நின்னுடும். வெளிச்சத்துக்கு சோலார் லைட் வாங்கி பக்கத்துல நட்டுக்கோங்க, காத்தாலையை அழகுக்கு மட்டும் விடுங்க. கைப்பிடிச் சுவர்ல நேரா போல்ட் அடிக்காதீங்க, அதிர்வு கீழ் ரூம் வரைக்கும் கேக்கும். மண்ணு நிரப்பின பெரிய டிரம்முல நடுங்க.

கேள்வி: என் பொண்ணு மூணாவது படிக்கிறா, அவளே செய்யற மாதிரி ஏதாவது சொல்லுங்க.
- ஒரு வாசகி, திருச்செந்தூர்

பதில்: உங்க ஊர்ல பனை இருக்கறப்ப கடையில எதுக்கு வாங்கணும்? பச்சை ஓலையில ரெண்டு கீத்து கிழிச்சு ஒன்னுக்குள்ள ஒன்னு மடிச்சு பின்னினா நாலு ரெக்கை வந்துடும். நடுவுல கருவேல முள்ளை சொருகி சோளத்தட்டையில குத்திக் கொடுங்க. முள்ளை மட்டும் நீங்களே குத்துங்க, ஓட்டை முள்ளை விட கொஞ்சம் பெருசா இருக்கட்டும், இல்லன்னா சிக்கும். காய்ஞ்ச ஓலை மடிக்கும்போதே உடையும், அன்னைக்கு வெட்டினதுல செய்யச் சொல்லுங்க.