எட்டாம் வகுப்பு வேதியியல்: புரிந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

டீச்சர், பாலக்கோட்டில் உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வேதி மாற்றத்துக்கு வரையறை பிசகாமல் எழுதிவிட்டு, மாங்காய் பழுப்பது எந்த மாற்றம் என்றால் முழிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் வரையறை கேட்பதை விடுங்கள், அது மனப்பாடத்தைத்தான் சோதிக்கும். 100 கிராம் தண்ணீரில் 10 கிராம் உப்பு முழுதாகக் கரைந்தால் மொத்த எடை எவ்வளவு என்று கேளுங்கள். 100 என்று எழுதுகிற பிள்ளை, கரைந்த உப்பு இல்லாமலே போய்விட்டது என்று நினைக்கிறது, அது வேறு எந்தக் கேள்வியிலும் இவ்வளவு சுலபமாக வெளியே வராது. கொதிக்கிற தண்ணீரின் குமிழிக்குள் என்ன இருக்கிறது? நீராவிதான், ஆனால் காற்று என்றும் ஹைட்ரஜன் என்றும் எழுதுவார்கள், கோபப்படாதீர்கள், எங்கே சிக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டதே.

அப்புறம், மஞ்சள் தடவிக் காயவைத்த தாளில் சோப்புத் தண்ணீர் விட்டால் சிவக்கும், அதன் மேலேயே புளிக்கரைசல் விட்டால் மறுபடி மஞ்சளாகும். இரண்டாவது சொட்டு விடும் முன்பே என்ன ஆகும், ஏன் என்று எழுதி வாங்கிவிடுங்கள், நம் பக்கம் புளிக்கா பஞ்சம்!

மாங்காய்க் கேள்வியையும் மாற்றுங்கள்: காய் பழுத்தது, பழத்தைக் கூழாக அரைத்தது, எதில் புதுப்பொருள் உண்டானது? காரணம் எழுதினால் மட்டும் முழு மதிப்பெண்.