லெஸ்டரில் நம்ம ஊர் பி.எட். செல்லுமா?

அன்புள்ள அம்மா,

ஏழு வருடம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த மகள், கல்யாணமாகி இங்கிலாந்தில் உள்ள லெஸ்டருக்குப் போய் வகுப்பறை உதவியாளர் வேலை தேடுகிறாளே, படித்த பி.எட். வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை. ஆனால் அது அங்கே தானாகச் செல்லாது, அதன் மேல் ஒரு முத்திரை விழ வேண்டும்.

முத்திரையின் பெயர் க்யூ.டி.எஸ். 'தகுதிபெற்ற ஆசிரியர்' என்று அரசே ஏற்பது. 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் பயிற்சி பெற்றவர்களும் இங்கிலாந்துக் கல்வித்துறைக்கு ஆன்லைனில் நேராக விண்ணப்பிக்கலாம். கணிதம், அறிவியல், மொழிப் பாடங்களை 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு எடுப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த வழி. வரலாறு டீச்சருக்கும் ஆரம்பப் பள்ளி டீச்சருக்கும் கிடையாது. உங்கள் மகளுக்குச் சரியாகப் பொருந்துகிறது. பட்டம், ஆசிரியர் பயிற்சி, அதற்குப் பிறகு ஒரு கல்வியாண்டாவது பாடம் நடத்திய அனுபவம், பி2 நிலை (ஓரளவு சரளமாகப் பேசவும் எழுதவும் தெரிந்த) ஆங்கிலம், இவ்வளவும் வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் யாராவது லட்சத்தில் பேசினால் போனை வைத்துவிடுங்கள்.

முத்திரை இல்லாமலும் ஆசிரியர் வேலை கிடைக்கும். அரசுப் பராமரிப்புப் பள்ளிகளில், வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு நான்கு வருடம் வரை அப்படி வேலை பார்க்க அனுமதி உண்டு. சிக்கல் சம்பளத்தில். 2024-25 கணக்குப்படி லண்டனுக்கு வெளியே 'தகுதிபெறாத ஆசிரியர்' சம்பளம் ஆண்டுக்கு 21,731 பவுண்டில் தொடங்கியது. முத்திரை உள்ளவருக்குத் தொடக்கமே 31,650 ஆக இருந்தது. அதே வகுப்பு, அதே அல்ஜீப்ரா, வித்தியாசம் கிட்டத்தட்ட பத்தாயிரம் பவுண்டு! அதனால் கிடைத்த வேலையில் முதலில் சேர்வோம், அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று இருந்துவிட வேண்டாம். உதவியாளர் வேலை தப்பில்லை, அந்த ஊர்ப் பள்ளி பழகும். அதோடு விண்ணப்பமும் நகரட்டும்.

இன்னொன்றைப் பலரும் கோட்டைவிடுகிறார்கள். முத்திரை வந்தாலும் ஏழு வருட அனுபவம் தானாகச் சம்பளத்தில் ஏறாது. நம் அரசுப் பள்ளி இன்கிரிமென்ட் மாதிரி அங்கே இல்லை. 2024-25இல் சம்பளப் படிகள் 31,650 பவுண்டிலிருந்து 43,607 வரை இருந்தன; அப்படிப்பட்ட படிகளில் எதில் வைப்பது என்பது பள்ளியின் விருப்பம். அரசுப் பணத்தில் தனித்து இயங்கும் அகாடமி வகைப் பள்ளிகள் சொந்தச் சம்பள விகிதமே வைத்துக்கொள்ளலாம். எந்தப் படி என்பதை வேலை தருகிறோம் என்று சொல்லும் நேரத்திலேயே பேசிவிட வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் சிரித்துக்கொண்டே மழுப்புவார்கள். நம் பிள்ளைகளுக்குச் சம்பளம் பேசக் கூச்சம், எனக்குத் தெரியும்.

இனி உங்கள் பங்கு. பட்டத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், விசாவில் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்டும் ஆவணம் வேண்டும். திருமணப் பதிவுச் சான்றிதழை அனுப்பி வையுங்கள். பழைய பள்ளியில் அனுபவச் சான்றிதழ் வாங்கும்போது 'நன்னடத்தையுடன் பணிபுரிந்தார்' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வராதீர்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன பாடம், எந்த வகுப்பு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். மே மாதம் அட்மிஷனுக்காக அலுவலகம் திறந்திருக்கும், அப்போது போனால் ஆள் இருப்பார்கள்.